பெயரில்லாத பெட்டிகள்

உங்கள் காவல் நிலைய நடைவாசலில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறீர்கள். கையகல எழுத்து, அதுவும் சிவப்பில். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும், இது சிரிக்கிற இடமல்ல என்று தெரியும். பெரிதாக எழுதிவிட்டால் முக்கியமாகிவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரிய எழுத்து வேறு, தலைப்பு வேறு. எழுபது வயதுக்கு மேல் நான் தெரிந்துகொண்ட விஷயம் அது. அங்கிருந்து தொடங்கினால்தான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும்.

தட்டச்சு செய்துகொண்டே கேளுங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன். சொன்னதை மாற்றிச் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

எங்கள் குடும்பத் தொழில் கையேடு எழுதுவது. ஒரு மோட்டாரோ, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோ வாங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இருக்குமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அதை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். என் தகப்பனார் தொடங்கியது. எங்கள் தாளைப் படித்து எவருக்கும் விரல் போனதில்லை, எந்த வீடும் பற்றி எரிந்ததில்லை. அதுதான் எங்கள் மானம். நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நடந்தோம் என்றால் அந்த ஒன்றால்தான்.

இப்போது தாள் குறைந்துவிட்டது. எல்லாம் இணையப் பக்கம். என் மகன் பொறுப்பில் இருக்கிறான். நான் தினமும் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். பெரிய மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்று எங்களிடம் வேலை கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது. பார்வை இல்லாதவர்களும் பயன்படுத்தும்படி பக்கங்கள் இருக்க வேண்டும் என்றது. கணினி குரல் கொடுத்துப் படிக்கும், அவர்கள் காதால் கேட்பார்கள். அந்த வேலை தெரிந்த ஒரு பெண்ணை என் மகன் சேர்த்தான். யார் என்று விசாரிக்கவில்லை. சேர்த்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் கிடங்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவனின் மகள். அவன் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவன் அல்ல. இவள் முதல் நாளே உட்கார்ந்தாள்.

கெட்டிக்காரிதான். அதை நான் மறைக்க வேண்டியதில்லை. வந்த வாரமே பக்கம் வடிவமைக்கிற பையன்களை வரிசையாக நிற்க வைத்துவிட்டாள்.

"இது என்ன?" என்று திரையில் விரல் வைத்தாள்.

"தலைப்பு, மேடம்."

"யார் சொன்னா? சாதாரண எழுத்தைப் பிடிச்சுப் பெருசாக்கி, தடிமனாக்கி வச்சிருக்கீங்க. உள்ள தலைப்புன்னு குறி போட்டீங்களா? மீசை ஒட்டிக்கிட்டா அப்பா ஆயிட முடியுமா?"

அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தலைப்பம்மா என்று பெயர்.

அவள் சொன்னது சரி. பக்கம் எழுதுகிற எச்.டி.எம்.எல். முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு குறி வைக்க வேண்டும். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது அட்டவணை, இது பொத்தான் என்று. குறி சரியாக இருந்தால் படிக்கிற குரலும் அதைச் சொல்லும். கேட்பவர் ஒரு விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். அட்டவணையில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் அது எந்த வரிசை, எந்த நெடுவரிசை என்று குரல் கூடவே சொல்லும். இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாவற்றையும் 'டிவ்' என்ற குறிக்குள் போட்டும் எழுதலாம். டிவ் என்பது பெயரில்லாத பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது. ஆனால் வண்ணமும் கோடும் பூசிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு நாள் எல்லாரையும் கூட்டி வைத்து இரண்டு பக்கங்களைக் காட்டினாள். பார்வைக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கண்ணை மூடச் சொல்லிவிட்டு இரண்டையும் படிக்கவிட்டாள். ஒன்று மனிதன்போல் பேசியது. மற்றது காய்ச்சல்காரன்போல் உளறியது. பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"உளறினாக்கூடப் பரவாயில்ல. கேக்கறவங்களுக்குச் சந்தேகம் வந்துரும். ஒழுங்காப் பேசிக்கிட்டே தப்பாச் சொல்ற பக்கம் இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து" என்றாள்.

நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன். அந்த வித்தையை முழுதாகவும் கற்றுக்கொண்டேன். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று எழுத வேண்டாம். என் நிறுவனத்தில் நடக்கிற வேலையை நான் தெரிந்துகொண்டேன் என்று எழுதுங்கள்.

இனி என் தம்பி.

தகப்பனார் போனபோது அவன் அரைக்கால்சட்டை போட்ட பையன். நான் வளர்த்தேன். என் மகனுக்கு முன்னால் எனக்குப் பிறந்த மகன் அவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வயதில் அவனுக்குச் சர்க்கரை நோயால் கண் மங்கத் தொடங்கியது. அப்போது ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் நிறுத்தினேன். குறையை மறைத்துப் பெண் எடுக்கிற குடும்பம் அல்ல நாங்கள். சொல்லிக் கட்டிவைத்திருக்கலாமே என்று அவன் ஒரே ஒரு முறை கேட்டான். நான் அவன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன், அவனும் பிறகு கேட்கவில்லை. பார்வை முழுதாகப் போன பிறகு அவனுக்கு எல்லாமும் நான்தான். நகம் வெட்டிவிடுவேன். சட்டைக்குப் பொருத்தமாகக் கால்சட்டை எடுத்து வைப்பேன். காலையில் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். வேண்டாததை விட்டுவிட்டுப் படிப்பேன். அவனுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குத் தெரியும்.

பக்கங்களைக் காதால் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். என் மகன் சித்தப்பாவை அனுப்பினான். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினான். மடக்குக் கம்பைத் தட்டிக்கொண்டு தம்பி முதல் நாள் அலுவலகம் போனபோது நானே கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அடுத்த மாதம் கையை விலக்கிக்கொண்டான். "படி எத்தனைன்னு காலுக்குத் தெரியும் அண்ணா" என்றான். பிறகு வீட்டிலும் கணினி வந்தது. செய்தித்தாளை அதுவே படித்தது. விசையைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவினான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, உங்க பேப்பர்ல வராத செய்தியெல்லாம் என் பேப்பர்ல வருதே" என்றான் சிரித்துக்கொண்டு.

கிண்டல்தான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து படித்துக் காட்டுவதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவர்கள் இருவரும் பேசிச் சிரிப்பது அலுவலகத்துக்கு முதலில் தெரிந்தது, கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் ஒரு அவமானம். ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் அவனே சொன்னான். அறுபதை நெருங்குகிறவன், பள்ளிப் பையன்போல் தட்டைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அண்ணா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

என் மகன் எழுந்து போய்விட்டான். அவனுக்கு என்னைத் தெரியும். நான் குரலை உயர்த்தவில்லை.

"அவ அப்பன் நம்ம கிடங்குல என்ன பண்ணிக்கிட்டிருந்தான் தெரியுமில்ல?"

"பெட்டி கட்டினாரு. நல்லாக் கட்டினாரு. நாம எழுதின தாளை மடிச்சு உள்ள வச்சதே அவருதான்."

"ஊர் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். நான் பார்க்கப் போறதில்லையே."

அந்த வேடிக்கைப் பேச்சு அவனோடு பிறந்தது. நான் பொறுமையாக ஒரு வழி சொன்னேன். என் நியாயத்தை நீங்கள் பதிவு செய்ய வேண்டிய இடம் இது. நான் கல் நெஞ்சுக்காரன் அல்ல.

"அவ இங்கயே வந்து இருக்கட்டும். மேல் அறை சும்மாதான் கிடக்கு. உனக்குச் சாப்பாடு போடட்டும், கூட வேலைக்குப் போகட்டும், வரட்டும். ராணி மாதிரி இருக்கட்டும். கல்யாணம் எதுக்கு?"

"யாரு இவங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"துணைக்கு வச்சிருக்கோம்னு சொல்லுவோம்."

அவன் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான். பிறகு சிரித்தான். "அப்ப அவ டிவ்வா? எல்லா வேலையும் செய்யணும், பேரு மட்டும் கூடாது."

"வெளியிலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதானேடா."

"பாக்கறவங்களுக்கு ஒண்ணுதான் அண்ணா. நான் பாக்கறவன் இல்லியே."

அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். என் தம்பி கடைசியாக என்னிடம் வாதாடிச் சொன்ன வாக்கியம் அது. அதற்கு மேல் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் தட்டைக் கழுவி வைத்தேன். அவனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவள் வெளியூர் போனாள். அந்த மருத்துவக் கருவி நிறுவனத்தில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க அழைத்திருந்தார்கள். அவள் போன பிறகு தம்பிக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. நானே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் வேகமாகப் பேசுகிறவர். பழைய மாத்திரைகளை நிறுத்தி இரண்டு புதிய மாத்திரை எழுதினார். எல்லாம் சீட்டில் தெளிவாக இருக்கிறது, அதன்படி சாப்பிடுங்கள் என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஒன்று இதயத்துக்கு. காலையில் மட்டும், பாதி. மிகக் கடுமையான மருந்து என்று கடைக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார். மற்றொன்று உடம்பில் உப்புச் சத்து குறையாமல் இருக்க. மூன்று வேளையும், இரண்டிரண்டு. நான் வீட்டுக்கு வந்து இதய மாத்திரைப் புட்டியின் கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டி அவன் கையில் கொடுத்தேன். உப்பு மாத்திரைப் புட்டியை வெறுமனே கொடுத்தேன். தடவிப் பார்த்துச் சரி என்றான். அந்த ஏற்பாடு அந்தப் பெண் பழக்கியது. அதில் நான் எந்தக் குளறுபடியும் செய்யவில்லை.

அவனுடைய மாத்திரைகளுக்கென்று அவள் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அழகான பக்கம். மேலே தலைப்பு, கீழே அட்டவணை, எச்சரிக்கைக்கு எச்சரிக்கைக் குறி. தம்பி வேளாவேளைக்கு அதைத் திறந்து கேட்டுவிட்டுத்தான் புட்டியைத் தொடுவான். மனப்பாடத்தை நம்ப மாட்டான். கையேட்டுக் குடும்பத்துப் பிள்ளை.

"புதுச் சீட்டை அவ வந்ததும் ஏத்தச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயால சொல்லுங்க அண்ணா" என்றான்.

"எதுக்கு? நானே எழுதறேன்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "நீங்களா? தலைப்பம்மா கிட்ட மார்க் வாங்கணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றான். அவளுடைய கடவுச்சொல்லையும் அவனே சொன்னான்.

அலுவலகத்தில் அவள் இருக்கையில் உட்கார்ந்து எழுதினேன். பையன்கள் பார்த்தார்கள். பெரியவர் தம்பிக்காகச் சிரமப்படுகிறார் என்று ஒருவன் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

நான் செய்ததைச் சொல்கிறேன். சீட்டில் இருந்த மருந்துப் பெயர்களை எழுத்துப் பிசகாமல் எழுதினேன். எண்களைப் பிசகாமல் எழுதினேன். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. ஆனால் அட்டவணை என்ற குறியை எடுத்தேன். வரிசைத் தலைப்பு, நெடுவரிசைத் தலைப்பு என்ற குறிகளை எடுத்தேன். ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பெயரில்லாத பெட்டியில் போட்டேன். எந்தப் பெட்டி திரையில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல ஸ்டைல் ஷீட் என்று ஒரு தனிக் கோப்பு உண்டு. அதில் இடம் ஒதுக்கினேன். கோடு போட்டேன். வண்ணம் பூசினேன். கண்ணால் பார்த்தால் அவள் எழுதிய அதே அட்டவணை. இதய மாத்திரைக்கு நேரே காலை, அரை. உப்பு மாத்திரைக்கு நேரே மூன்று வேளை, இரண்டிரண்டு.

படிக்கிற குரலுக்குத் திரையில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கவலை இல்லை. நான் எழுதிய வரிசையில் அது படித்துப்போகும். நான் எழுதிய வரிசையில் இதய மாத்திரை என்ற பெட்டிக்குப் பின்னால் மூன்று வேளை, இரண்டிரண்டு என்பது வந்தது. உப்பு மாத்திரைக்குப் பின்னால் காலை, அரை வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். உளறவில்லை. தெளிவாக, மரியாதையாகப் பேசியது.

பக்கத்தின் அடியில், எழுதியவர் என்ற இடத்தில், அவள் பெயர் இருந்தது. அதையும் நான் தொடவில்லை.

பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. முதல் இரண்டு நாள் தம்பி பசியில்லை என்றான். பிறகு குமட்டல். பிறகு நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். படி எத்தனை என்று காலுக்குத் தெரியும் என்றவன் கீழ்ப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டான். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நாட்களில் நான் அவனுக்கு நகம் வெட்டிவிட்டேன். கஞ்சி ஊட்டினேன். செய்தித்தாள் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சிறுவயதில் காய்ச்சல் வந்து என் மடியில் கிடப்பான், அப்படியே கிடந்தான். எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

என் மகன் கவலைப்பட்டான். "அப்பா, மருந்து ஒத்துக்கலையோ? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே?"

"புது மருந்துன்னா உடம்பு பழகறதுக்கு நாள் ஆகும். சீட்டுல இருக்கறதுதான் பக்கத்துல இருக்கு, வேணும்னா நீயே சரிபாரு" என்றேன்.

அவன் சீட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. போய்விட்டான். அவன் கண்ணை மூடிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனை நான் குறை சொல்லமாட்டேன். கண் இருக்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

ஒரு காலையில் தம்பிக்கே சந்தேகம் வந்தது. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து ரப்பர் வளையம் போட்ட புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இது சீக்கிரமாத் தீருதே. இதய மாத்திரை இவ்வளவு போடுவாங்களா? ஒரு தடவை நீங்க பக்கத்தைப் படிச்சுச் சொல்லுங்களேன்."

நான் திரையைப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்திருந்தால் அரை என்றுதான் படித்திருப்பேன். பொய்யாக ஒன்றைப் படித்துக் காட்டுகிற ஆள் நான் அல்ல. தகப்பனார் அப்படி வளர்க்கவில்லை.

"என் கண்ணைவிட உன் காது சுத்தம்டா. நீயே கேளு" என்று சொல்லிக் கணினியை அவன் மடியில் வைத்தேன்.

அவன் விசையைத் தட்டினான். குரல் படித்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து முழுதும் கேட்டான். விரல் அட்டவணைக்கான விசையைத் தேடியதைக் கவனித்தேன். தட்டினான். அட்டவணை இல்லை என்றது குரல்.

"டேபிளாப் போடலையா அண்ணா?"

"எனக்கு அது சரியா வரல. வயசாச்சில்ல" என்றேன்.

என் வாழ்நாளில் எனக்கு ஒரு வேலை வரவில்லை என்று நான் சொன்னது அந்த ஒரு முறைதான். எனக்கு அது சுலபமாக இல்லை.

அவன் என் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தான். "பரவால்ல. அவ வந்து சரி பண்ணுவா. நீங்க எழுதினதே பெரிசு. எண்ணு சரியாத்தானே இருக்கு?"

"எண்ணு எல்லாம் சரியா இருக்கு."

அது உண்மை. அவன் வளையம் போட்ட புட்டியைத் திறந்து இரண்டு மாத்திரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர் நான் கொடுத்தேன்.

மறுநாள் பகல் அவன் போய்விட்டான். ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சிரிக்க முயன்றான் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் கண்ணை மூடிவிட்டேன். அவனுக்கு அது தேவையில்லைதான், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. மருத்துவர் வந்து, இதயம் முன்பே பலவீனம் என்று எழுதிக் கொடுத்தார்.

தகவல் போய் அவள் அன்று மாலையே வந்துவிட்டாள். அழுவாள், கூச்சல் போடுவாள், நாலு பேர் முன்னால் மானம் போகும் என்று நினைத்துக் கூடத்திலிருந்த ஆட்களை வாசலுக்கு அனுப்பி வைத்திருந்தேன். அவள் அழவில்லை. அவன் தலைமாட்டில் இருந்த இரண்டு புட்டிகளையும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். எது காலியாக இருக்கிறது, எது நிறைய இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு கணினியை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பார்வை உள்ளவர்களில் அப்படிக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"டேபிள் எங்க ஐயா?" என்று கேட்டாள். சின்னக் குரலில்தான் கேட்டாள்.

"திரையிலதான் இருக்கு. பாரும்மா."

அவள் பார்த்தாள். திரையை இல்லை, என்னை. நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. கிடங்கில் பெட்டி கட்டியவனின் மகள் முன்னால் எதற்குத் தாழ்த்த வேண்டும்?

உடலை எடுக்கவிடாமல் அவள்தான் உங்களிடம் வந்தாள். பக்கத்தால் என் தம்பி செத்தான் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். பரிசோதனையில் மருந்து அளவுக்கு மீறி இருந்தது. நீங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்கள். அடியில் அவள் பெயர். ஏற்றியது அவள் கடவுச்சொல். வெளியூரிலிருந்தும் ஏற்றலாம் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். தான் எழுதவில்லை என்று அவள் சொன்னதை நம்பாமல் அவளையே பிடித்து உள்ளே வைத்தீர்கள். என் மகனைக் கேட்டீர்கள், சீட்டும் பக்கமும் ஒன்றாக இருந்ததை நான் பார்த்தேன் என்று அவன் உண்மையைச் சொன்னான். நான் எழுதினேன் என்பது அவனுக்கும் தெரியும், பையன்களுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு உப்பைத் தின்றவர்கள்.

நான் சும்மா இருந்திருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். என்னை யாரும் தேடவில்லை. பிறகு எதற்காக இந்த வயதில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உங்கள் மாடிப்படி ஏறி வந்தேன் என்று கேட்கலாம். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

நேற்றுச் செய்தித்தாளைப் பார்த்தேன். எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு. 'பார்வையற்ற கணவரைக் கொன்ற மனைவி.' கீழே எங்கள் நிறுவனத்தின் பெயர், எங்கள் வீட்டின் படம், என் தகப்பனார் நட்ட வேப்பமரம். அவள் உங்களிடம் ஒரு சான்று கொடுத்திருக்கிறாளாம். வெளியூர் போவதற்கு முந்தின நாளே பதிவாளரிடம் போய் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த பையன். என் தம்பி என்னிடம் சொல்லவில்லை. நான் ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொல்லவில்லை. அவள் வந்ததும் சேர்ந்து வந்து சொல்லலாம் என்று இருந்திருப்பான். எனக்கு அதிர்ச்சி வேண்டாம் என்று நினைத்திருப்பான். அப்படிப்பட்டவன்தான் அவன்.

ஆக, நான் அந்தப் பக்கத்தை எழுதியபோதே அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள் என்று உங்கள் காகிதம் சொல்கிறது. நான் தடுக்கப் போனது நான் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

இதைக் கேட்டு நான் உடைந்துபோவேன் என்று, நேற்று அந்தச் சான்றைக் காட்ட வீட்டுக்கு வந்த உங்கள் ஆள் எதிர்பார்த்தார். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் குற்றவாளி என்றால் வழக்கு நடக்கும். வழக்கு நடக்கிறவரைக்கும் நாள்தோறும் மனைவி, மனைவி என்று அச்சாகும். எங்கள் குடும்பப் பெயரோடு சேர்ந்தே அச்சாகும். அவள் குற்றவாளி இல்லை என்றால் அந்தப் பேச்சு நின்றுவிடும். பெட்டி கட்டியவனின் மகளைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பியைக் கொன்றது நான். நானே திட்டமிட்டு, நானே எழுதி, நானே பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. கையேடு எழுதுகிற குடும்பத்தில் பிறந்தவன், வேலையைப் பாதியில் விட்டதாக யாரும் சொல்லக் கூடாது.

அடித்து முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிடுகிறேன். நன்றாக இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. மேலே தலைப்பைத் தலைப்பாகவே போட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை.

ஒரே ஒரு திருத்தம். இந்த மூன்றாவது பத்தியில் அவளைப் பற்றிச் சொல்கிற இடத்தில் 'இறந்தவரின் மனைவி' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஒரு பெண்' என்று போடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.